குதிகாலில் ஒரு புள்ளி

ராஜநாயகத்துக்கு முகங்கள் மனதில் நிற்பதில்லை, கால்கள்தான் நிற்கும். பாண்டி பஜாரில் ஒரு செருப்புக் கடையில் முப்பத்தொரு வருடமாகக் குட்டை ஸ்டூலில் உட்கார்ந்து ஊரார் பாதங்களைப் பிடித்துக்கொண்டிருப்பவர் அவர். வாசலில் நுழைகிறவரை நிமிர்ந்து பார்க்க மாட்டார். படி ஏறும் பாதத்தைப் பார்த்ததுமே "ஏழு, அகலக் கால்" என்று முணுமுணுத்தபடி உள்ளே போய்ப் பெட்டியோடு வருவார். பத்து வருடத்துக்கு முன்னால் கல்யாணத்துக்குச் செருப்பு வாங்கிப் போன ஒரு பெண் கைக்குழந்தையோடு வந்து, "என்னை ஞாபகம் இருக்கா அண்ணே?" என்று கேட்டாள். குனிந்து அவள் காலைப் பார்த்துவிட்டு, "இருக்கே! வலது காலு அரை சைஸ் பெருசு" என்றார். ஐம்பத்தாறு வயதில் அவருக்கு இருந்த ஒரே கர்வம் இதுதான்.

இத்தனை பேர் காலைப் பார்த்தவர் தன் காலில் கோட்டை விட்டார். அவருடைய வலது குதிகாலில் ஒரு கறுப்புத் தடிப்பு வந்தது. செருப்புக் கடைக்காரர்களைப் பொறுத்தவரை உள்ளங்காலில் எது வந்தாலும் அது ஆணிதான். அவரும் ஆணி என்றே முடிவு கட்டி, மருந்துக் கடையில் விற்கும் கார்ன் கேப்பை வாங்கி ஒட்டிக்கொண்டார். அது போதாதென்று மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் பிளேடு வைத்துச் சீவியும் பார்த்தார். பக்கத்து ஸ்டூல்காரரும் இருபது வருடக் கூட்டாளியுமான ஷரீஃப்தான் டார்ச் பிடித்தார். ஒன்றரை வருடம் இந்தக் கூத்து நடந்தது. ஒரு நாள் அவருடைய வெள்ளைச் சாக்ஸில் ரத்தம் ஊறியிருந்ததை மனைவி நோரா பார்த்துவிட்டாள். நோரா பங்குக் கோயில் பள்ளிக்கூடத்தில் மூன்றாம் வகுப்பு டீச்சர். அடம்பிடிக்கிற பிள்ளையைத் தலைமை ஆசிரியை அறைக்கு இழுத்துப் போகிற மாதிரி அவரைத் தேனாம்பேட்டையில் ஒரு மருத்துவமனைக்கு இழுத்துப் போனாள்.

தோல் புற்றுநோய், மெலனோமா என்றார் டாக்டர் நீரஜா. ராஜநாயகம் அதை நம்பவே இல்லை.

"அது வெள்ளைக்காரங்களுக்கு வெயில்ல வர்றதாச்சே டாக்டர்? நான் காலைல கடைக்குள்ள போனா ராத்திரிதான் வெளிய வர்றேன்."

"நம்ம ஊர்ல அது வெயிலே படாத இடத்துலதான் அதிகமா வருது சார். உள்ளங்கால், உள்ளங்கை, நகத்துக்கு அடியில" என்றார் டாக்டர்.

குதிகால் தோலைச் சுற்றிலும் அகலமாக வெட்டி எடுத்துவிட்டு, தொடையிலிருந்து தோல் எடுத்து அங்கே ஒட்டினார்கள். தொடை இடுக்கில் நெறி கட்டுகிற இடத்திலிருந்து நிணநீர்க் கணு ஒன்றை எடுத்துச் சோதித்ததில் அதுவரை எதுவும் பரவவில்லை என்று தெரிந்தது. நோரா அங்கேயே சிலுவை போட்டுக்கொண்டாள். எல்லாம் முடிந்தது என்று கிளம்பியபோதுதான் டாக்டர் உட்காரச் சொன்னார்.

"இனிமேதான் நீங்க ரொம்ப ஜாக்கிரதையா இருக்கணும். திரும்பி வர்றதா இருந்தா முதல் ரெண்டு மூணு வருஷத்துலதான் அதிகம் வரும். தையல் ஓரத்துல வரலாம், காலுக்கு மேல எங்கயாவது வரலாம், இடுக்குல நெறி கட்டலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவ இங்க வந்துடுங்க. நடுவுல மாசம் ஒரு நாள் வீட்டுல உச்சந்தலையிலேர்ந்து உள்ளங்கால் வரைக்கும் பாக்கணும். புதுசா ஒரு புள்ளி இருந்தாலும் அடுத்த செக்கப் வரைக்கும் காத்திருக்காதீங்க, மறுநாளே வாங்க. சின்னதா இருக்கும்போது பாத்துட்டா வெட்டி எடுத்துடலாம்."

சின்னதாக இருக்கும்போது பார்க்காவிட்டால் என்ன என்பதை டாக்டர் சொல்லவில்லை. ராஜநாயகம் கேட்கவும் இல்லை.

மாதம் ஒரு நாள் என்றதும் நோரா யோசிக்கவே இல்லை, முதல் வெள்ளி என்று சொல்லிவிட்டாள். சாந்தோமில் பிறந்து வளர்ந்தவளுக்கு மாதத்தின் முதல் வெள்ளிப் பூசையைவிட மறக்க முடியாத நாள் வேறு ஏது? அன்று மாலைப் பூசை முடிந்து வந்ததும் கதவைச் சாத்துவாள். ராஜநாயகம் கட்டிலில் குப்புறப் படுத்துத் தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொள்வார். அவள் மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, கையில் டார்ச்சோடு உள்ளங்காலில் ஆரம்பித்து, விரல் இடுக்கு, நகம், ஆடுசதை, முதுகு, காதுக்குப் பின்னால், தலைமுடிக்குள் என்று வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவாள். பரீட்சைத் தாள் திருத்துகிற பொறுமை அவளுக்கு. கடைசியில் "சுத்தம்" என்பாள். அந்த ஒரு வார்த்தைக்குப் பிறகுதான் அவருக்கு மூச்சு விட வரும்.

அவர் தானாக ஒரு முறைகூடக் குதிகாலைப் பார்த்ததில்லை. குளிக்கும்போதுகூடச் சுவரைப் பார்த்துக்கொண்டே சோப்புப் போடுவார். ஆனால் பயம் என்னவோ இருபத்து நாலு மணி நேரமும் கூடவே இருந்தது. நவம்பர் மழையில் இருமல் வந்தபோது, நுரையீரலுக்குப் போய்விட்டது என்று பத்து நாள் மனதுக்குள் செத்துப் பிழைத்தார். பெட்டி தூக்கி முதுகு பிடித்துக்கொண்டபோது எலும்புக்கு வந்துவிட்டது என்று நினைத்தார். பேருந்தில் கம்பியைப் பிடித்து நிற்கும்போது இன்னொரு கை தானாகப் பேன்ட் பைக்குள் போய் இடுக்கில் ஏதாவது தட்டுப்படுகிறதா என்று அழுத்திப் பார்க்கும். ஒரு தடவை பக்கத்தில் நின்ற அம்மாள் முறைத்துவிட்டு நகர்ந்து போனாள். மூன்று மாதச் செக்கப் நெருங்கினால் ஒரு வாரத்துக்குச் சோறு இறங்காது. டாக்டர் பார்த்துவிட்டு "எல்லாம் நல்லா இருக்கு, போய்ட்டு வாங்க" என்று சொன்ன அன்றைக்கு மட்டும் ராஜா மாதிரி நடந்து வருவார். மறுநாள் காலையில் பழைய குருடி கதவைத் திறடிதான்.

இப்படியே பதினைந்து மாதம் ஓடியது. பிப்ரவரி முதல் வெள்ளியன்றும் நோரா சுத்தம் என்றுதான் சொன்னாள்.

அந்த மாதம் மூன்றாவது வாரத்தில் கடைக்குக் கையால் தைத்த தோல் செருப்புகள் வந்து இறங்கின. ஒரு ஜோடியில் தையல் கோணலாக இருந்ததால் முதலாளி அதை ராஜநாயகத்திடம் கொடுத்துவிட்டார். குதிகாலுக்கு மெத்தென்று இருக்கிற எம்.சி.ஆர். செருப்பைத்தான் போட வேண்டும் என்பது டாக்டரின் கண்டிப்பு. ஆனால் செருப்புக் கடைக்காரருக்கும் ஆசை என்று ஒன்று உண்டே! கடைக்குள் மட்டும் போட்டுக்கொள்வோம் என்று ஆரம்பித்தார். புதுத் தோல் செருப்பு வேர்வையில் சாயம் விடும். நாலாவது நாள் அவருடைய உள்ளங்கால் இரண்டும் காவி பூசியது போல ஆகிவிட்டன.

வாடிக்கையாளர்கள் செருப்பைப் போட்டுப் பார்ப்பதற்காகக் கடையில் தரையோடு சாய்த்து வைத்த கண்ணாடி ஒன்று உண்டு. பிப்ரவரி கடைசி வியாழக்கிழமை, கூட்டம் இல்லாத நேரத்தில், செருப்பைக் கழற்றிவிட்டு ஸ்டூலில் கால் மேல் கால் போட்டார். பார்க்கக் கூடாது என்று பதினைந்து மாதமாகக் காத்து வந்ததெல்லாம் அந்த ஒரு விநாடியில் போயிற்று. கண்ணாடியில் அவருடைய குதிகால் தெரிந்தது. காவிச் சாயத்துக்கு நடுவே, ஒட்டுத் தோலின் ஓரத்தில், சாயத்தைவிடக் கறுப்பாக ஒரு புள்ளி இருந்தது. மிளகில் பாதி இருக்கும்.

சட்டென்று காலைக் கீழே போட்டுச் செருப்புக்குள் நுழைத்துக்கொண்டார். சாயம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார். தையல் ஓரத்தில் தோல் மடிந்திருக்கிறது, அந்த மடிப்பில் சாயம் கொஞ்சம் அதிகமாகத் தேங்கியிருக்கிறது, அவ்வளவுதான். முப்பத்தொரு வருடமாக எத்தனை பேருக்கு, "கவலப்படாதீங்கம்மா, தோல் சாயம், நாலஞ்சு நாள்ல போயிடும்" என்று சொல்லியிருப்பார்! அதே வார்த்தையைத் தனக்கும் சொல்லிக்கொண்டார். சொல்லச் சொல்லக் கொஞ்சம் நம்பிக்கையும் வந்தது.

செருப்பை மாற்றினால் ஒரு வாரத்தில் சாயம் போய்விடும், அப்போது தெரிந்துவிடும். இந்த இடத்தில்தான் மனுஷன் வேறு யாரும் செய்யாத வேலை ஒன்றைச் செய்தார். மறுநாளும் அதே தோல் செருப்பைப் போட்டார், அதற்கு மறுநாளும் போட்டார். கடைக்குள் மட்டும் என்று இருந்தது போய், காலையில் சாந்தோமில் வீட்டு வாசலிலிருந்தே போட்டுக்கொண்டு கிளம்பினார். ஒட்டுத் தோல் எரிந்தது, குதிகால் வலித்தது, அப்படியும் கழற்றவில்லை. சாயம் இருக்கிற வரைக்கும் அது சாயமாகவே இருக்கும் என்பதுதான் அவர் கணக்கு.

மார்ச் முதல் வெள்ளி வந்தது. கட்டிலில் படுப்பதற்கு முன்னாலேயே, "தோல் செருப்பு சாயம் விட்டுருக்கு, உள்ளங்கால் பூரா காவியா இருக்கும், பயந்துடாத" என்று நோராவிடம் சொல்லிவைத்தார். தலையணைக்குள் முகத்தை வைத்தபடி காத்திருந்தார். டார்ச் வெளிச்சம் குதிகாலில் விழுந்து கொஞ்ச நேரம் நின்றதாக அவருக்குத் தோன்றியது.

"ஆமா, சாயம்தான்" என்றாள் நோரா. "மத்ததெல்லாம் சுத்தம்."

அவளே சொல்லிவிட்டாள் என்று அவருக்கு அன்றைக்கு அவ்வளவு நிம்மதி. இரண்டு தோசை கூடுதலாகச் சாப்பிட்டார்.

மார்ச் பதினெட்டாம் தேதி செக்கப். பதினாறாம் தேதி மருத்துவமனைக்குத் தானே போன் செய்து, கடையில் ரம்ஜான் வியாபாரம், கூட்டாளிக்கு நோன்பு, ஆள் இல்லை, அடுத்த மாதம் வருகிறேன் என்றார். நோரா கேட்டபோது, "ஷரீஃபுக்கு நோன்பு. அவன் சாயங்காலம் போயிடுவான், நான்தான் நிக்கணும்" என்று சொன்னார். "சரி" என்று சொல்லிவிட்டு அவள் அடுப்படிக்குப் போனாள். மருத்துவமனைத் தேதி என்றால் ஒரு மணி நேரம் முன்னதாகவே பை எடுத்துக்கொண்டு வாசலில் நிற்கிறவள் அவ்வளவு சுலபமாகச் சரி என்றது அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. இருந்தாலும் தோண்டித் துருவ அவருக்கு என்ன அவசரம்?

விஷயம் ஷரீஃப் காதுக்குப் போய்விட்டது. மருத்துவமனையிலிருந்து புதுத் தேதி கேட்டுக் கடை நம்பருக்கு போன் வந்தபோது எடுத்தது அவர்தான்.

"இன்னா நைனா, என் நோன்ப ஏன் ஆஸ்பத்திரி வரைக்கும் இஸ்துக்கினு போற? முப்பது நாளும் கடை மூடறவரைக்கும் நான் இங்கதானே கீறேன்?"

"அடுத்த மாசம் போறேன், விடு."

ஷரீஃப் விடவில்லை. குனிந்து அவருடைய காலைப் பார்த்தார். "இந்தச் சாயம் இன்னுமா கீது? ஒரு மாசம் ஆவுதே. செருப்ப மாத்துனா நாலு நாள்ல போற சமாச்சாரம். ஒட்டுப்போட்ட காலுல இத்த மாட்டிக்கினு நொண்டிக்கினே சுத்துறியே, இன்னா வேண்டுதலா?"

"எனக்குப் புடிச்சிருக்கு, போட்டுக்கறேன். உனக்கு என்ன?" என்று ராஜநாயகம் கத்தினார். கடையில் செருப்புப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்த இரண்டு பேர் திரும்பிப் பார்த்தார்கள். ஷரீஃபைப் பார்த்து அவர் குரல் உயர்த்தியது அதுதான் முதல் தடவை. ஷரீஃப் பெட்டிகளை அடுக்கப் போய்விட்டார். கத்தியது கோபத்தில் இல்லை, பயத்தில்தான் என்று ராஜநாயகத்துக்கே தெரியும்.

ஏப்ரல் முதல் வெள்ளியும் அதே மாதிரி போனது. "இன்னும் சாயமா?" என்று மட்டும் கேட்டாள் நோரா. "செருப்பு அப்படி" என்றார். டார்ச்சை அணைத்துவிட்டாள்.

குருத்தோலை ஞாயிறன்று பூசை முடிவில் உபதேசியார் அறிவிப்புகள் வாசித்தார். பெரிய வியாழன் மாலை, பாதம் கழுவும் சடங்குக்கு அப்போஸ்தலர்களாக உட்காரப்போகிற பன்னிரண்டு பேரின் பெயர்களில் ஏழாவதாக ராஜநாயகத்தின் பெயர் வந்தது. பெண்கள் பக்கத்தில் இருந்தவர்கள் திரும்பி நோராவைப் பார்த்துச் சிரித்தார்கள். பெரிய நோயிலிருந்து பிழைத்து வந்தவர் என்று ஃபாதரே விரும்பிச் சேர்த்த பெயராம்.

ராஜநாயகம் கோயில் வாசலில் உபதேசியாரைப் பிடித்தார். "எனக்குக் கால் சரியில்லீங்களே. வேற யாரையாச்சும் போடுங்களேன்."

"பேரு வாசிச்சாச்சே பிரதர். ஃபாதர் அந்தக் காலைத்தான் கழுவணும்னு சொல்றாரு" என்றார் உபதேசியார்.

மறுத்தால் நோரா ஏன் என்று கேட்பாள். சாயம் ஏறிய காலோடு போய் உட்கார்ந்தால் கோயில் முழுக்கப் பார்க்கும். வலது காலுக்குப் பதில் இடது காலை நீட்டலாமா என்றுகூட யோசித்தார். சடங்கில் வலது கால்தான் வழக்கம். பாதம் கழுவ உட்காருகிறவர்கள் எல்லாரும் வீட்டிலேயே ஒரு முறை நன்றாகத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் கோயிலுக்கு வருவார்கள். ஃபாதர் முத்தமிடுகிற காலாயிற்றே! நோரா வீட்டுக்கு வந்ததும் ஒரு எலுமிச்சம்பழமும் தேங்காய் எண்ணெயும் பீர்க்கங்காய் நாரும் எடுத்துக் குளியலறை மாடத்தில் வைத்துவிட்டாள். அன்றைக்கே அவர் தோல் செருப்பைக் கழற்றி ஓரமாகப் போட்டுவிட்டு எம்.சி.ஆர். செருப்புக்கு மாறினார். வேறு வழியில்லாமல் போயிற்று.

திங்கள், செவ்வாய், புதன் மூன்று நாளும் சாயம் மெல்ல மெல்ல மங்கிக்கொண்டு வந்தது. ஒவ்வொரு நாளும் அது மங்கும்போது அவருக்கு உயிர் போய்க்கொண்டிருந்தது. வியாழன் மத்தியானம் கடையில் சொல்லிவிட்டு வந்து குளியலறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டார். தரையில் உட்கார்ந்து, முதலில் இடது காலை எடுத்துக்கொண்டார். எலுமிச்சையைத் தேய்த்து நாரால் தேய்த்ததில் பத்து நிமிடத்தில் அது வெளுத்தது. மனது லேசாயிற்று. பிறகு வலது காலை மடித்து வைத்துக்கொண்டு சுவரைப் பார்த்தபடி தேய்த்தார். தண்ணீர் ஊற்றித் திரும்பவும் தேய்த்தார். இதற்கு மேல் தேய்த்தால் ஒட்டுத் தோல் பிய்ந்துவிடும் என்ற நிலைக்கு வந்த பிறகு, நோரா முகம் பார்க்கிற சின்னக் கண்ணாடியைக் குதிகாலுக்கு நேராகப் பிடித்துக் குனிந்து பார்த்தார்.

சாயம் முழுக்கப் போயிருந்தது. புள்ளி போகவில்லை. பாதி மிளகாக இருந்தது முழு மிளகு ஆகியிருந்தது. அதன் பக்கத்தில், முன்பு பார்த்திராத இன்னொன்று, கடுகு போல நின்றது.

ராஜநாயகம் ஈரத் தரையிலேயே உட்கார்ந்திருந்தார். ஏப்ரல் மாத வெயிலில், மத்தியானம் இரண்டு மணிக்கு, அவருக்குக் குளிர் எடுத்தது. ஏழு வாரம் என்று ஒரே வார்த்தை மண்டைக்குள் சுற்றிச் சுற்றி வந்தது. மறுநாளே வா என்று சொன்ன டாக்டரிடம் ஏழு வாரம் போகவில்லை. ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு ஏழு வாரம் தன்னைத் தானே ஏமாற்றிக்கொண்டிருந்தார். இந்த ஏழு வாரத்தில் அது எங்கெல்லாம் போயிருக்கும்? கை தானாக இடுக்குக்குப் போனது. அழுத்திப் பார்க்கத் தைரியம் இல்லாமல் திரும்பி வந்தது.

மாலையில் வெள்ளை வேட்டி சட்டையோடு பன்னிரண்டு பேரில் ஒருவராகப் பீடத்துக்கு முன்னால் உட்கார்ந்தார். ஃபாதர் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு ஒவ்வொருவர் முன்னும் முழங்காலிட்டு நகர்ந்து வந்தார். ராஜநாயகம் வலது காலை நீட்டினார். தண்ணீர் விழுந்தது. ஃபாதரின் விரல் குதிகால் தழும்பின் மேல் பட்டபோது காலை இழுத்துக்கொள்ளத் தோன்றியது. ஃபாதர் எதையும் கவனித்ததாகத் தெரியவில்லை. துடைத்துவிட்டுக் குனிந்து முத்தமிட்டு அடுத்தவரிடம் போனார். 'ஆண்டவரே, என்னைக் கைவிட்டுடாதீங்க' என்று அவர் வேண்டிக்கொண்டார். வேண்டியபடியே பெண்கள் பக்கம் பார்த்தார். நோரா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கோயிலிலிருந்து வீட்டுக்கு நடக்கிற தூரம்தான். வழியில் சொல்லிவிட்டார்.

"நோரா, சாயம் போயிடுச்சு. ஒண்ணு மட்டும் போகல."

அவள் நின்றாள். எங்கே, எவ்வளவு பெரிது, வீட்டுக்குப் போய்க் காட்டுங்கள் என்றெல்லாம் கேட்பாள் என்று எதிர்பார்த்தார். எதையும் கேட்கவில்லை.

"நாளைக்குப் பெரிய வெள்ளி. சனி, ஞாயிறு டாக்டர் இருக்க மாட்டாங்க. திங்கக்கெழம காலைல மொத ஆளாப் போயிடுவோம்" என்றாள்.

அந்த ஈஸ்டர் அவர்கள் வீட்டில் எப்படிப் போயிற்று என்று சொல்லி ஆகப்போவது ஒன்றும் இல்லை. பிரியாணி செய்தார்கள், யாரும் சாப்பிடவில்லை.

திங்கட்கிழமை டாக்டர் நீரஜா ஒரு சின்ன லென்ஸைக் குதிகாலில் வைத்து வெகு நேரம் பார்த்தார். அளவெடுத்தார், போட்டோ எடுத்தார். பிறகு அவரைப் படுக்க வைத்துத் தொடை இடுக்கில் விரல்களை ஊன்றி அங்குலம் அங்குலமாக அழுத்திக்கொண்டு வந்தார். கூரையைப் பார்த்தபடி ராஜநாயகம் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்.

"இப்போ கைக்கு எதுவும் தட்டுப்படல. ஆனா கைய நம்பி விட முடியாது, இன்னிக்கே ஸ்கேன் பாத்துடலாம். புள்ளி ரெண்டையும் நாளைக்குக் காலைல எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பறேன்" என்றார் டாக்டர். கையுறையைக் கழற்றிக்கொண்டே, "நீங்க முதல்ல எப்போ பார்த்தீங்க?" என்று கேட்டார்.

பொய் சொல்லலாமா என்று ஒரு நிமிடம் நினைத்தார். போன வாரம்தான் என்று சொன்னால் யாருக்குத் தெரியப்போகிறது? பிறகு தலையைக் குனிந்துகொண்டு, "ஏழு வாரம் தாண்டிடுச்சு டாக்டர். சாயம்னு நெனச்சேன். நெனைக்கல, அப்படி வெச்சிக்கிட்டேன்" என்றார். நோரா என்ன சொல்வாளோ என்று அவள் பக்கம் திரும்பவே பயமாக இருந்தது.

"பத்து வாரம் டாக்டர்" என்றாள் நோரா.

டாக்டர் நிமிர்ந்தார்.

"பிப்ரவரி மொத வெள்ளி அன்னிக்கே இருந்துச்சு. அப்போ கடுகளவுதான். நான் பார்த்தேன்."

டாக்டர் திட்டவில்லை. பத்து வாரம் என்று சீட்டில் எழுதினார். ஸ்கேன் அறைக்குப் போய் உட்காரச் சொன்னார்.

வெளியே நீள நடையில் இரும்பு நாற்காலிகள். இரண்டு பேரும் பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ராஜநாயகத்துக்கு அடிவயிற்றிலிருந்து கோபம் வந்தது.

"நான் குப்புறப் படுத்துக் கெடந்தேன். நீ சுத்தம்னு சொன்ன. சொன்னியா இல்லியா?"

"சொன்னேன்."

"ஏன் நோரா?"

"வாயில வரலீங்க. கண்ணாடியத் தொடச்சிட்டு மறுபடி பார்த்தேன், இருந்துச்சு. நீங்க தலகாணிக்குள்ள மொகத்த வெச்சிக்கிட்டு 'முடிஞ்சுதா, முடிஞ்சுதா'ன்னு கேட்டுக்கிட்டே இருந்தீங்க. சொல்லிட்டா மறுபடி மொதல்லேர்ந்து ஆரம்பிக்குமே, ஆப்பரேஷன், தோல் ஒட்டறது, எல்லாம். அடுத்த மாசம் பாத்துட்டுச் சொல்லுவோம்னு நெனச்சேன். அடுத்த மாசம் நீங்களே சாயம்னு சொன்னீங்க." முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். "அப்போ எனக்கு எவ்வளவு சந்தோஷமா இருந்துச்சு தெரியுமா? ஆண்டவரே வந்து சொன்ன மாதிரி இருந்துச்சு."

அவரால் அவளைக் கோபித்துக்கொள்ள முடியவில்லை. எந்த வாயால் கோபிப்பார்? அவளும் அவரும் ஒரே பொய்யை ஆளுக்கு ஒரு பக்கம் பிடித்துக்கொண்டிருந்திருக்கிறார்கள். மெல்ல அவள் கையை எடுத்துத் தன் கைக்குள் வைத்துக்கொண்டார். இரண்டு கையும் சில்லென்று இருந்தன. அப்படியே உட்கார்ந்திருக்கும்போதுதான் அவருக்கு அந்த இன்னொரு நினைப்பு வந்தது. அவருடைய முதுகை, கழுத்தை, தலைமுடிக்குள்ளே இருக்கிற தோலை அவர் பார்த்ததே இல்லை. பதினேழு மாதமாக அவள் பார்த்துச் சொன்னதுதான்.

"நோரா" என்றார். "இப்போ சொல்லிடு, நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். வேற எங்கயாச்சும் பார்த்தியா?"

"இல்லீங்க" என்றாள் அவள், உடனே.

அவ்வளவு உடனே சொன்னாளே என்றுதான் அவருக்குப் பயம் வந்தது. ஸ்கேன் அறைக் கதவைத் திறந்து அவர் பெயரைக் கூப்பிட்டார்கள். எழுந்து உள்ளே போனார். போனதும் முதல் வேலையாக, நர்ஸ் கேட்பதற்கு முன்னாலேயே, சட்டையைக் கழற்றிவிட்டுத் திரும்பி நின்று, "சிஸ்டர், என் முதுகக் கொஞ்சம் பாருங்க" என்றார்.